பழைய டூ ஸ்ட்ரோக் ஏற்றத்தில் இழுக்கவில்லையா? போரிங் போடும் முன் பார்க்க வேண்டியவை

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமா கொழும்புக்குப் பக்கத்தில், கடற்கரையோர வத்தளையில் பல வருடம் ஓட்டிய சுசுகி ஏ 100 மோட்டார் சைக்கிளைப் போன வருடம் மேலே கொண்டுவந்திருக்கிறார். காலையில் லேசாக ஸ்டார்ட் ஆகிறது, சமதரையில் ஓடுகிறது. ஆனால் வெல்லவாயாவிலிருந்து எல்ல ஊருக்கு ஏறும்போது, இராவணா எல்ல அருவியைத் தாண்டுவதற்குள் மூன்றாவது கியரில் இழுவை செத்துப்போகிறது. இரண்டாவதில்தான் ஏற வேண்டியிருக்கிறது. புகை அதிகம். பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, ஈரமாக இருக்கிறது. கராஜ் பாஸ் கொம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, 95 பி.எஸ்.ஐ.தான் வருகிறது, பிஸ்டன் மாற்றிப் போரிங் போட வேண்டும், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரை வெட்டிப் பெரிதாக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். போடலாமா?

இப்போதைக்குப் போட வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்ன அடையாளங்களில் சிலிண்டர் தேய்ந்திருப்பதாகச் சந்தேகிக்க வைப்பது அந்த 95 என்ற எண் மட்டும்தான். அந்த எண்ணைப் பண்டாரவளையில் வைத்து வாசிக்க வேண்டும், கடற்கரையில் வைத்து அல்ல. சிலிண்டர் உண்மையில் தேய்ந்திருந்தால் முதலில் கெடுவது காலை ஸ்டார்ட்தான். உங்கள் வண்டி லேசாக ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். இந்த மொடலுக்கு நல்ல சிலிண்டர் கிடைப்பதே கஷ்டம். ஒரு தடவை வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் போரிங் என்பது கடைசி முடிவாக இருக்கட்டும்.

அந்த எண்ணையே முதலில் பார்ப்போம். கொம்ப்ரஷன் மீட்டர் காட்டுவது, வெளியே இருக்கும் காற்றை இஞ்சின் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதைப் பொறுத்தது. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,230 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தமே கொழும்பில் இருப்பதில் 86 சதவீதம்தான். கணக்குப் போட்டால், வத்தளையில் 110 காட்டும் இஞ்சின் பண்டாரவளையில் 95 அளவில்தான் காட்டும். இந்த வகை 100 சிசி டூ ஸ்ட்ரோக்குக்குக் கீழே 110 என்றால் புதுசு இல்லை, ஆனால் ஓடக்கூடிய இஞ்சின். அதோடு அளக்கும் முறையும் இருக்கிறது. இஞ்சின் சூடாக இருக்க வேண்டும், த்ரொட்டிலை முழுக்கத் திறந்து பிடிக்க வேண்டும், முள் இனி ஏறாது என்னும் வரை நன்றாக உதைக்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் த்ரொட்டிலை மூடி வைத்து இரண்டு உதை உதைத்தால் நல்ல இஞ்சினும் குறைவாகத்தான் காட்டும். பாஸ் எப்படி அளந்தார் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, எவ்வளவு இழுவை குறைவது நியாயம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பண்டாரவளையில் காற்றின் அடர்த்தி கடற்கரையை விட 11 சதவீதம் அளவில் குறைவு. 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் 17 சதவீதம். இஞ்சினின் பலமும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். ஒன்பது பத்து குதிரைவலு மட்டுமே உள்ள ஏ 100இல் ஒரு குதிரை மலையேறும்போதே கழன்றுவிடுகிறது என்று வையுங்கள். இது கோளாறு இல்லை, யாராலும் திருத்தவும் முடியாது. வத்தளையில் மாமா ஓட்டிய வேகம் உங்கள் ஊரில் வராது. ஆனால் ஆள் ஒருவர் மட்டும் ஏறிய ஏ 100, எல்ல ஏற்றத்தில் கடுமையான வளைவுகளைத் தவிர மற்ற இடங்களில் மூன்றாவதில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஏதோ இருக்கிறது.

இஞ்சினைத் தொடும் முன் ஐந்து நிமிட வேலை சில உண்டு. நடு ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ட்ரம் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால், செயின் இறுகிப்போயிருந்தால் அங்கேயே தெரியும். ஏ 100இல் செயின் முழுக்க மூடியில் இருப்பதால் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே துருப்பிடித்து, கணுக்கள் மடங்காமல் விறைத்துக் கிடக்கும். அப்புறம் கிளச். ஏற்றத்தில் த்ரொட்டிலைத் திருகும்போது இஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் இஞ்சினில்தான் குறை. இந்த வித்தியாசத்தைக் காதால் பிடித்துக்கொண்டால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். கிளச் கியர் ஒயிலில் குளிக்கும் வகை என்பதால், கார் இஞ்சினுக்கு வரும் வழுக்கல் கூடிய ஒயிலை ஊற்றினாலும் வழுக்கும்.

எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கிறது. தோட்டத்து மண் பாதையில் அப்போது ஓடிய வண்டியின் பில்டரைத் தட்டினால் செம்மண் கொட்டும். காபரேட்டர் மூடியைத் திறந்து, வேறொருவரை த்ரொட்டிலை முழுக்கத் திருகச் சொல்லி, காற்று வரும் வாயை மூடித் திறக்கும் ஸ்லைட், வாய் முழுவதும் திறக்கும் அளவுக்கு ஏறுகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். பழைய கேபிள் இழுபட்டு நீண்டிருந்தால் முக்கால்வாசிதான் திறக்கும். ஓட்டுபவருக்கு முழுக்கத் திருகிய மாதிரியே இருக்கும். சோக் முழுதாக ஓப் ஆகிறதா என்றும் பாருங்கள். சோக் சற்றுப் போட்டபடி நின்றாலும் உங்கள் பிளக் சொல்லும் கதையைத்தான் சொல்லும்: கறுப்பு, ஈரம், புகை.

பெற்றோல் டேங்க் மூடியில் காற்று போகும் சின்னத் துளை அடைத்திருந்தால், சில கிலோமீட்டர் ஏறியதும் பெற்றோல் இறங்காமல் இழுவை போகும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று இழுக்கும், மறுபடி ஓடும். அப்படிப் பெற்றோல் பஞ்சத்தில் நிற்கும் வண்டியின் பிளக் வெளுத்திருக்கும். உங்களுடையது கறுத்திருப்பதால் இதை நான் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை. இருந்தாலும் காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். பனிக்காலத்தில் பாதி டேங்கோடு இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியில், டேங்கின் உட்சுவரில் ஈரம் வியர்த்துத் தண்ணீர் இறங்கியிருக்கும். கோப்பையின் அடியில் மணி மணியாகத் தெரியும்.

இனி உங்கள் வண்டியில் நான் உண்மையாகச் சந்தேகிக்கும் இடங்களுக்கு வருகிறேன்.

டூ ஸ்ட்ரோக்குக்கு மூச்சுதான் எல்லாம். வால்வு வைத்துத் திறந்து மூடும் போர் ஸ்ட்ரோக் போல அல்ல. பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் காற்றையும் பெற்றோலையும் இழுத்து, அமுக்கி, மேலே தள்ளுகிறது. எரிந்த புகை வெளியேறும் வேகம்தான் புதுக் காற்று உள்ளே வர இடம் செய்துகொடுக்கிறது. போகும் வழி அடைத்தால் வரும் வழியும் அடைத்த மாதிரிதான். உங்கள் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் சைலன்சரும், சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாயான எக்சோஸ்ட் போர்ட்டும்தான்.

பெற்றோலோடு சேர்ந்து எரியும் 2டி ஒயில், எரியாமல் மிஞ்சிக் கரியாகப் படிவது எல்லா டூ ஸ்ட்ரோக்கிலும் நடக்கும். மலைநாட்டில் அது சீக்கிரம் நடக்கிறது. குளிரில் சோக்கோடு ஸ்டார்ட் பண்ணி, டவுனுக்கு மூன்று கிலோமீட்டர் போய், கடையில் நிறுத்தி, இஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் வீட்டுக்குத் திரும்பும் வண்டியின் சைலன்சர் ஒருநாளும் தன்னைச் சுட்டுச் சுத்தம் செய்துகொள்ளாது. கரி அடைத்த வண்டியின் குணம் இதுதான்: ஸ்டார்ட் நன்றாக இருக்கும், ஐடில் நன்றாக இருக்கும், மெதுவாக ஓட்டினால் குறையே தெரியாது. அரைத் த்ரொட்டிலுக்கு மேல் எவ்வளவு திருகினாலும் ஒன்றும் கூடாது. சத்தம் அமுங்கி, பொத்திய மாதிரி இருக்கும்.

சோதிப்பது எளிது. சைலன்சரின் வால்பக்கத்தில் சின்ன ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே சத்தத்தை அடக்கும் பெபல் குழாய் வெளியே வரும். பல வருடம் கழற்றாததென்றால் இடுக்கியால் திருப்பித் திருப்பி இழுக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். சத்தம் அதிகம், நிரந்தரமாக அப்படி ஓட்டக் கூடாது, சோதனைக்கு மட்டும். இழுவை திரும்பி வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். பெபலை வெளியே விறகு அடுப்பில் போட்டுச் சிவக்கச் சுட்டு, ஆறியதும் தட்டினால் கரி செதிலாக உதிரும். புகை மோசமானது, வீட்டுக்குள் செய்யாதீர்கள். கோஸ்டிக் சோடா ஊற்றிக் கழுவும் பழக்கமும் உண்டு. கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து என்பதோடு, அலுமினியத்தைத் தின்றுவிடும். சைலன்சர் இரும்பு என்றாலும் எனக்கு அந்த முறையில் விருப்பமில்லை.

பெபலோடு நிறுத்திவிடாதீர்கள். பைப்பைக் கழற்றி சிலிண்டரின் எக்சோஸ்ட் போர்ட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். வட்டமான வாய் பாதியாகச் சுருங்கியிருப்பதைக் கண்டால் ஆச்சரியப்படாதீர்கள். பிஸ்டன் மேலே வந்து போர்ட்டை மூடியிருக்கும்படி கிக்கரால் நகர்த்தி வைத்துவிட்டு, மூங்கில் சீவியாலோ கட்டையான மரக்குச்சியாலோ சுரண்ட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் பிஸ்டன் சுவரில் கீறல் விழும். பிறகு காற்றடித்துத் துகள்களை வெளியே எடுக்க வேண்டும். பைப் பொருந்தும் இடத்துக்குப் புது கஸ்கட் போடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் ஜெட், அதாவது காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள சாமான். வண்டி வத்தளையிலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்ன ஒரு வரி எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. காபரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. காற்று 11 சதவீதம் குறையும்போது பெற்றோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் கீழே சரியாக இருந்த கலவை பண்டாரவளையில் ஆறு சதவீதம் அளவில் பெற்றோல் கூடியதாக மாறுகிறது. நுவரெலியாவில் பத்து சதவீதம். பெற்றோல் கூடிய டூ ஸ்ட்ரோக் முழுத் த்ரொட்டிலில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்காமல் விட்டு விட்டு வெடிக்கும். சத்தம் கரகரவென்று உடைந்து வரும். புகையும் கறுத்த பிளக்கும் கூடவே வரும்.

எந்த இடத்தில் குறை என்பதை த்ரொட்டில் சொல்லும். ஐடிலிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட். கால்வாசி வரை ஸ்லைடின் வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஏற்றத்தில் நீங்கள் முழுக்கத் திருகியிருப்பதால் மெயின் ஜெட்டைத்தான் பார்க்க வேண்டும். காபரேட்டர் மிக்குனி வகை என்றால் எண் ஜெட்டின் மேலேயே குத்தியிருக்கும். உதாரணத்துக்கு 80 என்று இருந்தால் 77.5 போட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு 75. ஒரு தடவைக்கு ஒரு படிதான் இறங்க வேண்டும். ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே போட்டால் ஊசி தாழ்ந்து நடுப்பகுதியிலும் பெற்றோல் குறையும். ஜெட்டைக் கம்பி விட்டுக் குடைந்து சுத்தம் செய்த வண்டிகள் நிறைய இருக்கின்றன. அப்படிக் குடைந்த ஜெட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை, புதிதாகவே வாங்குங்கள்.

ஏற்றத்தில் இழுவை குறையும் அதே நேரத்தில் சோக்கைப் பாதி போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. இன்னும் மோசமாகித் திணறினால் பெற்றோல் ஏற்கனவே கூடுதல். திடீரென்று உயிர் வந்தால் பெற்றோல் பற்றாக்குறை, அதாவது எங்கிருந்தோ காற்று கசிகிறது அல்லது பெற்றோல் இறங்கவில்லை. அப்படி உயிர் வந்தால் அந்த வண்டியை மேற்கொண்டு முழுத் த்ரொட்டிலில் ஓட்டாதீர்கள், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக் பார்ப்பதென்றால் ஏற்றத்தில் முழுத் த்ரொட்டிலில் சிறிது தூரம் போய், அதே நிலையில் இஞ்சினை ஓப் பண்ணிக் கிளச்சைப் பிடித்து, ஓரமாக நிறுத்திக் கழற்ற வேண்டும். வீடு வரை மெதுவாக ஓட்டி வந்து கழற்றும் பிளக் அந்த மெதுவான ஓட்டத்தின் கதையைத்தான் சொல்லும். நிறத்தை நுனியில் பார்க்காமல், வெள்ளைப் பீங்கானின் அடிப்பக்கத்தில் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜெட்டைக் குறைத்துப் பண்டாரவளைக்குச் சரியாக்கிய வண்டியை அப்படியே வத்தளைக்கு இறக்காதீர்கள். கீழே காற்று தடிக்கும், பெற்றோல் குறைந்த கலவையாகும், ஹைலெவல் வீதியில் அவிசாவளை தாண்டி நேராகத் திருகிப் போகும்போது பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். பழைய ஜெட்டை ஒரு சின்னப் பையில் கட்டி டூல் பெட்டியில் வையுங்கள். நீண்ட பயணமாகக் கீழே போவதற்கு முன் மாற்றிக்கொள்ளலாம்.

ஒயில் விஷயத்தையும் இதோடு பார்க்க வேண்டும். ஏ 100இல் சுசுகியின் சிசிஐ ஒயில் பம்ப் உண்டு, தனி டேங்கிலிருந்து கிராங்க்குக்கும் சிலிண்டருக்கும் ஒயில் அனுப்பும். பல வண்டிகளில் அதைக் கழற்றிவிட்டுப் பெற்றோலில் கலந்து ஓட்டுகிறார்கள். உங்களுடையது எது என்று எழுதவில்லை. பம்ப் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பாதுகாப்புக்காகப் பெற்றோலிலும் கலப்பவர்கள் உண்டு. புகையும் கரியும் அதனாலேயே வரலாம். கலந்து ஓட்டுவதென்றால் லீட்டருக்கு 40 மில்லி என்பது 25க்கு 1. பழைய இஞ்சினுக்கு அது போதும். கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள்.

கலந்து ஓட்டுபவர்கள் இறக்கத்தில் கவனமாக இருக்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது த்ரொட்டிலை மூடி, கியரில் விட்டு, இஞ்சின் பிரேக்கில் கிலோமீட்டர் கணக்காக இறங்கினால் இஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெற்றோல் போகாததால் ஒயிலும் போகாது. இடைக்கிடை கிளச்சைப் பிடித்து ஒரு திருகு திருகி விட்டால் ஒயில் போய்ச் சேரும். பம்ப் உள்ள வண்டிக்கு இந்த ஆபத்து குறைவு, த்ரொட்டில் மூடியிருந்தாலும் பம்ப் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, கிராங்க் ஒயில் சீல்கள், அதாவது கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள். பழைய டூ ஸ்ட்ரோக்கில் அதிகம் கவனிக்கப்படாத சாமான் இதுதான். ரப்பர் முப்பது நாற்பது வருடத்தில் கல்லாகிவிடும், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும். இரண்டு பக்கச் சீலும் இரண்டு விதமாகக் கெடும். மெக்னட் (மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) பக்கச் சீல் கசிந்தால் கிராங்க் கேஸ் வெளிக்காற்றை இழுக்கும். கலவையில் பெற்றோல் குறையும், ஐடில் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கும், த்ரொட்டிலை விட்டாலும் இஞ்சின் உடனே அடங்காது, பிளக் வெளுக்கும். கிளச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஒயிலை இழுத்து எரிக்கும். நிற்காமல் தடித்த வெள்ளைப் புகை வரும், பிளக் ஈரமாகும், 2டி ஒயிலின் வாசனை இல்லாமல் வேறொரு கருகல் வாசனை வரும்.

உங்கள் அடையாளங்களுக்கு இரண்டாவது ஒத்துப்போகிறது. அதனால் கியர் ஒயிலை முழுக்க வடித்து, அளவான புது ஒயில் ஊற்றி, வழக்கம்போல் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து அளந்து பாருங்கள். வெளியே எங்கும் ஒழுக்கு இல்லாமல் அளவு குறைந்திருந்தால் அது சிலிண்டர் வழியாகத்தான் போயிருக்கிறது. வடித்த ஒயிலில் பெற்றோல் வாசம் அடித்தாலும் அதே சீல்தான். ஏ 100இல் இன்னொரு இடமும் இருக்கிறது. அது ரோட்டரி டிஸ்க் இஞ்சின். காபரேட்டர் இஞ்சினின் பக்க மூடிக்குள் ஒளிந்திருக்கும், கிராங்க் முனையில் சுற்றும் மெல்லிய தட்டுதான் வாயைத் திறந்து மூடும். அந்த டிஸ்க்கின் மூடியைச் சுற்றியிருக்கும் ஓ ரிங் விறைத்தாலும் கசியும். டிஸ்க்கைக் கழற்றும்போது அது உட்கார்ந்திருந்த அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாறி உட்கார்ந்தால் வாய் திறக்கும் நேரமே மாறிவிடும், பிறகு எதைத் திருத்தினாலும் இழுவை வராது.

சீலைச் சந்தேகத்தின் பேரில் மாற்ற வேண்டியதில்லை, சோதிக்க வழி உண்டு. டிஸ்பென்சரிகளில் பிரஷர் பார்க்கும் கருவியின் கைப் பம்பும் முள் மீட்டரும் இதற்கு அருமையாகப் பொருந்தும். அந்த மீட்டர் காட்டும் 300 என்பது ஏறக்குறைய 5.8 பி.எஸ்.ஐ. நமக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. பழைய டியூப் ரப்பரை வெட்டி எக்சோஸ்ட் போர்ட்டில் வைத்துப் பைப்பின் பிளேஞ்சால் இறுக்கி அடையுங்கள். காபரேட்டரைக் கழற்றி அது பொருந்தும் வாயில் ரப்பர் அடைப்பு ஒன்றை வைத்து, அதன் நடுவே பம்பின் குழாயைச் சொருகி கிளிப் போடுங்கள். பிளக் இருக்கட்டும். டிஸ்க் வாய் திறந்த நிலையில் இருக்கும்படி கிராங்க்கை நகர்த்துங்கள். பம்ப் அடித்து 260 வரை ஏற்றிவிட்டு நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 50க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் சவர்க்காரத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். சிலிண்டர் அடி கஸ்கட், மெக்னட்டின் பின்பக்கம், கிராங்க் கேஸின் இரண்டு பாதியும் சேரும் கோடு, எங்கே குமிழி வருகிறதோ அங்கே கசிவு. வெளியே குமிழியே இல்லாமல் இறங்கினால் கியர் ஒயில் ஊற்றும் துளையில் காதை வைத்துக் கேளுங்கள், கிளச் பக்கச் சீல் அங்கே சீறும். கராஜ்களில் இதைச் செய்து நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் பிஸ்டனைக் கழற்றலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

மெக்னட் சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தால் அதற்கான புல்லரை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் கிராங்க் நேர் தப்பிவிடும், புதுச் சீலையும் அது அறுத்துவிடும்.

யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற, மெல்லிய தகடுகள் திறந்து மூடும் ரீட் வால்வு வண்டி வைத்திருப்பவர்கள் டிஸ்க்குக்குப் பதிலாக ரீட்டைப் பார்க்க வேண்டும். தகடு நுனி உடைந்திருந்தால், அல்லது வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது இடைவெளி தெரிந்தால், கலவை காபரேட்டர் பக்கமே திரும்பித் துப்பும். மற்றதெல்லாம் ஒன்றுதான்.

இனி பிளக்குக்கு வரும் நெருப்புப் பக்கம். உங்கள் வண்டி சூடான பிறகுதான் கெடுகிறது என்பதால் இதை ஒதுக்க முடியாது. பிரியும் கணத்தில் பிளக்குக்கு நெருப்பு அனுப்பும் தொடுமுனையான பொயிண்ட்டின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பொயிண்ட்டின் குதி தேயத் தேய இடைவெளி குறைந்து நெருப்பு தாமதமாக வரும். தாமதமாக எரிந்தால் இழுவை குறையும், எக்சோஸ்ட் பைப் அளவுக்கு மீறிச் சுடும், வேறு சத்தமோ தட்டலோ இருக்காது, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. டைமிங்கைக் குத்துமதிப்பாக வைக்காமல், பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து, பொயிண்ட் பிரியும் கணத்தை மல்டிமீட்டரில் பார்த்து, வண்டியின் கைநூலில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள்.

கொண்டென்சரும் கொயிலும் குளிரில் நல்லவை, சூட்டில் கெட்டவை. கராஜில் பார்க்கும்போது நீல நெருப்பு பளிச்சென்று அடிக்கும், ஏற்றத்தில் அரை மணி ஓடியபின் மஞ்சளாகச் சோர்ந்துவிடும். அதனால் நெருப்பைச் சோதிக்க வேண்டிய இடம் அருவிப் பக்கத்து வீதி ஓரம். பழைய பிளக் ஒன்றைச் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள். இழுவை செத்ததும் நிறுத்தி, உடனே மாட்டி, சிலிண்டரில் படவைத்து உதைத்துப் பாருங்கள். பொயிண்ட்டில் நெருப்புப் பொறி அதிகமாகத் தெறித்து, முகப்பு குழியும் மேடுமாக இருந்தால் கொண்டென்சர் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பிளக்கின் எண்ணையும் பாருங்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூட அது குளிர்ந்த வகை. 7 போட வேண்டிய இடத்தில் 8 போட்டு, குளிர் ஊரில் குறுகிய தூரம் ஓட்டினால் கறுத்துக்கொண்டேதான் இருக்கும். கறுக்கிறதே என்று 6, 5 என்று இறங்குவது அதைவிட ஆபத்து. நீண்ட ஏற்றத்தில் பிளக் நுனி பழுத்து பிஸ்டனில் ஓட்டை விழும்.

எந்த வேலையையும் இன்னொன்றோடு சேர்த்துச் செய்யாதீர்கள். சைலன்சர் சுத்தம் செய்தால் அதே ஏற்றத்தில், அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். காலைக் குளிரில் காற்று தடித்திருப்பதால் எந்த வண்டியும் மதியத்தை விட நன்றாக இழுக்கும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்று ஓட்டி ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை: பெபலும் போர்ட்டும், சோக்கும் பில்டரும், கியர் ஒயில் அளவு, மெயின் ஜெட், பிறகு சூட்டில் நெருப்பு. இவற்றில் ஒன்றிலோ இரண்டிலோ காரணம் சிக்கும் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் பார்த்தபின், சரியான முறையில் சூடாக அளந்து, கொம்ப்ரஷன் உங்கள் ஊரில் 75, 80க்குக் கீழே வந்தால் அப்போது சிலிண்டரைக் கழற்றலாம். ஹெட்டைத் திறந்ததும் சுவரைப் பாருங்கள். நெடுக்கில் ஆழமான கீறல்கள், எக்சோஸ்ட் பக்கத்தில் அலுமினியம் ஒட்டிய தடம், நகத்தால் தொட்டாலே தெரியும் மேல் விளிம்பு ஆகியவை இருந்தால் போரிங்தான். இவை ஒன்றும் இல்லாமல், ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்தால் மட்டும் கூடுதலாக இருந்தால், புது ரிங்கே போதும்.

போரிங் என்று முடிவானால் பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதையும் சேர்த்து லேத் பட்டறையில் கொடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பி வெட்டவிடாதீர்கள், பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டு வெட்டி ஹோன் பண்ண வேண்டும். வாங்கி வரும்போது போர்ட் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரிக் கூராக இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்து ஓரங்களை மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புது ரிங் அந்த விளிம்பில் மாட்டி உடையும்.